இச்சையடக்கம் யாருக்கு உரியது?

போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் 'ஏலம்' என்னும் சொல் இருபொருள்படும். மலைச்சரிவின் நிழலில் விளைந்து மணம் வீசும் பண்டம் ஒன்று. அப்பண்டத்தைப் பலர் கூடிப் போட்டியிட்டு விலைகூறிக் கொள்ளும் முறை மற்றொன்று. முன்னையது தொன்றுதொட்டு நம்மிடையே வழங்கிவரும் சொல். பின்னையது போர்த்துக்கீசரிடமிருந்து நாம் கடன்வாங்கிய சொல். முன்னையது கடவுள் தந்த விளைவு. பின்னையது மனிதர் அமைத்துக்கொண்ட வழக்கம். இவ்விரண்டும் ஓரிடத்திற் கூடும்போது மனிதருடைய உள்ளத்தில் எழும் கொந்தளிப்பு எத்தகையது என்பதை அவ்வூரார் நன்கறிவர். கிறிஸ்தவ ஜீவியத்தில் இச்சையடக்கம் என்பதைக் குறித்துச் சில வார்த்தை எழுதப் புகுந்த நாம், வேதாகம வியாக்கியானத்தினின்று தொடங்காமல் அம்மலையடிவாரத்தினின்று தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அக்காரணம் நமக்குப் பெருமை தருவதன்று, ஆயினும் மறைக்கத்தக்கதுமன்று.

போடிநாயக்கனூர் தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில், மேற்குத்தொடர்ச்சி மலையின் காலடியில் உள்ளது. மதுரையிலிருந்து அவ்வூர்வரை 1928-ஆம் ஆண்டில் இடப்பட்ட குற்றகலப் பாதையில் ஓடிய புகைவண்டி 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோய், அகலப்பாதை அமைந்த பின் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் ஓடத்தொடங்கியது. ஊருக்கு மேற்கே முந்தலைக் கடந்தால் மலைப்பாதை ஏறும். பதினேழு கொண்டையூசி வளைவுகளைத் தாண்டி நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளநாட்டு இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். விடியற்காலையில் இவ்வடிவாரத்து ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து மலையேறிச் சென்று, அந்தி மயங்கும் வேளையில் இறங்கி வருகின்றனர். அவர்கள் எடுக்கும் காய் உலர்ந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலக்கூடங்களில், போடியிலும் மலைமேலுள்ள புற்றடியிலுமாக, விலைகூறப்படுகிறது.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் கேரளத்தை அலைக்கழித்த பெருவெள்ளத்தினாலும், அதனையடுத்து வந்த வறட்சியினாலும் ஏலச்செடிகள் பெரிதும் நலிந்தன. வரத்துக் குறைந்தது, விலை ஏறியது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் புற்றடி ஏலத்தில் கிலோ ஒன்றுக்கு ரூ.7,000 என்னும் உச்சவிலை எட்டப்பட்டது. அதுவரை எவரும் கண்டிராத விலை அது. தேநீர்க் கடையிலும் ஆலய வாசலிலும் பேச்சு அதுவாகவே இருந்தது. மூன்றாண்டு கழியுமுன், 2022-ஆம் ஆண்டில், அதே காய் கிலோ ஆயிரம் ரூபாய்க்கும் கீழே விழுந்தது என்பதையும் உடன்கூறிவிடுகிறோம். ஆனால் பின்வருவதை முன்னறியும் வரம் அந்த ஆகஸ்டு மாதத்தில் எவருக்கும் இல்லை; நமக்கும் இல்லை.

நம் குடும்பத்திற்கு அம்மலையில் ஒரு சிறு தோட்டம் உண்டு. அம்மாதத்து விடுமுறை நாளொன்றில் நாம் அங்குச் சென்றிருந்தோம். ஏலக்காய் ஒரே நாளில் விளைந்து முடிவதன்று. தரையோடு தரையாக ஓடும் சரத்தில் அடியிலுள்ள காய் முற்றியிருக்க, நுனியிற் பூ இருக்கும். ஆகவே சில வார இடைவெளியில் சுற்றுச் சுற்றாக எடுத்தல் வேண்டும். தோல் பச்சையாயிருக்கும்போதே உள்ளே விதை கறுத்திருக்கும் பக்குவமே எடுப்புக்கு ஏற்றது. அப்பக்குவத்திற் பறித்த காயை உலர்த்தினால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எடை தேறும். பிஞ்சையும் சேர்த்துப் பறித்தாலோ அப்பிஞ்சில் ஏழில் ஒரு பங்கே தேறும். இதனை நமக்கு நன்கறிவித்தவர் நாற்பதாண்டு மலையிலே உழைத்த நம் கங்காணியார். அன்றும் அவர் வந்து நின்று, "ஐயா, இந்தச் சுற்றில் பாதிக்காய்தான் விளைந்திருக்கிறது. பத்து நாள் பொறுத்தால் மிச்சமும் தேறிவிடும்" என்றார். "பத்து நாளில் விலை இறங்கிவிட்டால் நஷ்டம் யாருக்கு? எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள்" என்றோம் நாம். அவர் மறுமொழி கூறவில்லை. சரங்கள் மொட்டையாயின.

காய் உலர்ந்து எடைக்கு வந்தபோது எதிர்பார்த்ததிற் பாதியும் இல்லை. சுருங்கியதும் வெளிறியதுமாக இருந்தது. அப்போது நாம் செய்ததென்ன? காயெடுத்த பெண்களில் வயதில் மூத்த ஓர் அம்மாளை அழைத்து, "பார்த்து எடுக்கத் தெரியாதா? உங்கள் கையினால்தான் எல்லாம் கெட்டது" என்று பலர் முன்னிலையிற் கடிந்துகொண்டோம். அவர் இடுப்பிலிருந்த கூடையை அவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். கட்டளையிட்டவர் யார் என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கங்காணியார் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் ஆலயத்தில் வாலிபருக்கு மதுவிலக்கைப் பற்றிப் பேசுவதாக முன்னரே ஏற்பாடாகியிருந்தது. பேசினோம். பேச்சு நன்றாயிருந்ததென்று பலரும் வாசலில் நின்று சொன்னார்கள். இளமையில் மதுவைத் தொடுவதில்லையென்று கையொப்பமிட்ட சீட்டு ஒன்று நம் பெட்டியில் இன்றும் இருக்கிறது. அவ்வாக்கில் நாம் தவறியதுமில்லை. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைவரை, இச்சையடக்கம் உடையவர்களென்றே நாம் நம்மை எண்ணியிருந்தோம்.

நிற்க. இச்சையடக்கம் என்னும் சொல்லைச் சற்று ஆராய்வோம். பவுல் அப்போஸ்தலன் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஆவியின் கனியென்று ஒன்பது குணங்களை நிரல்படக் கூறுங்கால் இறுதியில் வைத்தது இதனையே. மூலமாகிய கிரேக்கமொழியில் அதற்கு 'எங்க்ராதேயா' என்று பெயர். வல்லமை, ஆளுகை என்று பொருள்படும் பதம் அதனுள்ளே அமைந்திருக்கிறது; எனவே, தன்னைத் தான் ஆளும் வல்லமை என்பதே அதன் கருத்தாம். நம் திருச்சபையார் வழிவழியாக வாசித்துவரும் தமிழ் வேதாகமம் அதனை 'இச்சையடக்கம்' என்று பெயர்த்தது. 1995-ஆம் ஆண்டில் வெளியான திருவிவிலியம் 'தன்னடக்கம்' என்றது. முன்னையது அடக்கப்படுவது இன்னதென்று காட்டுகிறது. பின்னையது அடக்குபவரும் அடக்கப்படுபவரும் ஒருவரே என்று காட்டுகிறது. இரண்டும் வேண்டும். தமிழில் 'அடக்கம்' என்பது பணிவையும் குறிக்கும்; பிரேதத்தை அடக்கம்பண்ணுவதையும் குறிக்கும்; கடைவீதியில் 'அடக்கவிலை' என்றால் ஒரு பண்டம் கைக்கு வந்துசேர உண்மையாகச் சென்ற செலவையும் குறிக்கும். இக்கடைசிப் பொருளை நம்மவர் சிந்திப்பதில்லை. நம் இச்சை நிறைவேறுவதற்கான அடக்கவிலை எவ்வளவு, அதனைக் கொடுப்பவர் யார் என்று கணக்குப்பார்ப்பதும் இச்சையடக்கத்தின் ஒரு பகுதியென்பது நம் துணிபு. நம் தோட்டத்தில் அவ்விலையைக் கொடுத்தவர் அந்த மூதாட்டியார்.

நம் சபைகளில் இச்சையடக்கம் என்றவுடன் மதுவிலக்கே நினைவுக்கு வருகிறது. அதற்குச் சரித்திரமுண்டு. 1834-ஆம் ஆண்டில் மதுரையில் ஊழியந் தொடங்கிய அமெரிக்க மிஷனெரிமாரும், அவர்களைப் போன்ற பிற சங்கத்தாரும், குடியினால் அழிந்த குடும்பங்களை நேரிற் கண்டவர்கள். ஆகவே மதுவைத் தொடேன் என்னும் உறுதிமொழியைச் சபையாரிடமும் மாணவரிடமும் பெற்றனர். நாட்டின் சட்டமும் அவ்வழியிற் சென்றதுண்டு. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கியது. 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் முழுமைக்கும் பரவியது. 1971-ஆம் ஆண்டிலே தளர்த்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்து, பின்னும் நீங்கியது. 1983-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அரசு வாணிபக் கழகமே 2003-ஆம் ஆண்டு முதல் மதுவைச் சில்லறையாகவும் விற்றுவருகிறது. குடியின் கேட்டைச் சிறிதாக்கிப் பேசுவது நம் நோக்கமன்று. கூலி வாங்கும் நாளில் அடிவாரத்து ஊர்களிற் பெண்கள் படும் பாட்டைக் கண்டவர் எவரும் அவ்வாறு பேசார். அவ்வுறுதிமொழிச் சீட்டைக் கிழித்தெறியவும் நாம் சொல்லவில்லை.

நாம் வினவுவது வேறு. இச்சையடக்கம் யாருக்குப் பிரசங்கிக்கப்படுகிறது? தோட்டக்காரர் கூலியாளுக்கும், ஆசிரியர் மாணவருக்கும், மூத்தோர் இளையோருக்கும், சம்பளக்காரர் சம்பளமற்றவருக்கும் அதனைப் போதிக்கக் காண்கிறோம். மேலிருந்து கீழே வழியும் தண்ணீரைப்போல அப்போதகம் எப்போதும் கீழ்நோக்கியே ஓடுகிறது. உரிய விலைக்கு மேலே விலை தேடும் வியாபாரியை நோக்கியும், கோபத்திலே தண்டிக்கும் அதிகாரியை நோக்கியும் அவ்வார்த்தை கூறப்படுவது அரிது. அவருடைய இச்சைக்கு ஊக்கம், திறமை, கண்டிப்பு என்றெல்லாம் நல்ல பெயர்கள் இருக்கின்றன.

வேதத்திலோ நிலைமை தலைகீழாயிருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் இருபத்துநாலாம் அதிகாரத்தில் பவுல் இச்சையடக்கத்தைக் குறித்துப் பேசிய ஒரு சந்தர்ப்பம் எழுதப்பட்டிருக்கிறது. கேட்டவர் கூலியாளுமல்ல, வாலிபருமல்ல. யூதேயாவை ஆண்ட ரோமத் தேசாதிபதியாகிய பேலிக்ஸும் அவர் மனைவியும். பேசியவரோ விலங்கிடப்பட்ட கைதி. நீதியையும் வரப்போகும் நியாயத்தீர்ப்பையும் இச்சையடக்கத்தோடு சேர்த்தே அவர் பேசினார். பேலிக்ஸ் பயமடைந்தாராம், சமயம் வாய்க்கும்போது அழைப்பதாகக் கூறி அனுப்பிவிட்டாராம். மீண்டும் மீண்டும் அழைத்ததும் உண்டு. ஆனால் பவுலிடத்தில் பணம் கிடைக்குமென்னும் நம்பிக்கையினாலேதான் அழைத்தாரென்று லூக்கா ஒளிக்காமல் எழுதிவைத்தார். இரண்டாண்டு கழித்துப் பதவி மாறிப் போகையிலும் குற்றமற்றவரைச் சிறையிலேயே விட்டுச்சென்றார். இந்தப் பேலிக்ஸ் பிறப்பில் அடிமை. பின் விடுதலை பெற்று அரண்மனைச் செல்வாக்கினால் தேசாதிபதியானவர் என்பது சரித்திரம். பிறருடைய அடிமைத்தனத்தினின்று விடுபட்டவர் தம் இச்சையினின்று விடுபடவில்லை. அதற்குரிய விலையை இரண்டாண்டு சிறையிருந்து செலுத்தியவர் மற்றொருவர்.

நம் தமிழ்மறையும் இதற்கு இசைந்தே நிற்கிறது. 1730-ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனிற் பெயர்த்ததும், 1886-ஆம் ஆண்டில் போப்பையர் நூல் முழுவதையும் ஆங்கிலத்தில் வெளியிட்டதும் நம் மாணவர் அறிந்தவை. அடக்கமுடைமை, வெகுளாமை, அவாவறுத்தல் என்னும் அதிகாரங்களை அறத்துப்பாலில் எல்லார்க்கும் பொதுவாக அமைத்த ஆசிரியர், அவ்வளவில் அமையாது, பொருட்பாலின் அரசியலிற் குற்றங்கடிதல் என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்து, காமமும் வெகுளியும் செருக்கும் ஈயாமையும் ஆள்பவனிடத்து இருத்தலாகாதென்று வற்புறுத்தினார். என்னை? எளியவன் அடக்கமிழந்தால் அவனும் அவன் வீட்டாரும் கெடுவர். ஆள்பவன் அடக்கமிழந்தால் நாடு கெடும். கையில் அதிகாரம் எவ்வளவோ, அவ்வளவு அடக்கம் கடமையாகிறது. தோட்டத்தில் நாம் ஆள்பவராயிருந்தோம். கைதியாகிய பவுல் பேலிக்ஸுக்குச் சொன்னதை மௌனமாயிருந்த கங்காணியார் நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறோம்.

இனி, இச்சையடக்கம் எவ்வாறு கைகூடும் என்பதைப் பார்ப்போம். மனத்திடமிருந்தால் போதும், சோதனை வரும் வேளையிற் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடலாம் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் தவறென்பதைப் போடிமெட்டுப் பாதையிலே வண்டியோட்டுவோர் எவரும் எடுத்துக்காட்டுவர். பாரமேற்றிய வண்டி அவ்வளவு வளைவுகளையும் இறங்கவேண்டியிருக்கையில், காற்பிரேக்கை மட்டும் நம்பி அழுத்திக்கொண்டே வந்தால், உராய்வினாற் சூடேறி, வேண்டிய வேளையிற் பிடிப்பு இல்லாமற்போகும். ஆகையால் ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர் என்பது மூத்த ஓட்டுநர் இளையவருக்குக் கற்பிக்கும் முதற்பாடம். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கு வளைவுக்கு மாத்திரம் உதவும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. அந்தக் கியரை மேட்டின் உச்சியிலே, இறக்கம் தொடங்குமுன்பே மாற்றிக்கொள்ளவேண்டும். வேகம் பிடித்த பின் மாற்ற முயன்றால் கியர் விழாது; வண்டி கைமீறிப்போம்.

வேதத்திலும் இதுவே காண்கிறோம். பாபிலோன் அரமனையில் தானியேல் தன்னைத் தீட்டுப்படுத்துவதில்லையென்று இருதயத்தில் தீர்மானம்பண்ணியது உணவுத்தட்டு எதிரில் வந்தபின் அன்று. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் நெருப்பண்டையில் நின்று ஆண்டவரை மறுதலித்த பேதுருவும் மனத்திடமில்லாதவனல்ல. உயிரையும் கொடுப்பேன் என்றவன். அவன் தவறு முற்றத்திலே தொடங்கவில்லை. விழித்திருந்து ஜெபிக்கச் சொன்ன தோட்டத்தில் உறங்கிய அந்நாழிகையிலேயே தொடங்கிற்று. மேட்டின் உச்சியிற் கியரை மாற்றாமல் முதல் வளைவிற் பிரேக்கைத் தேடியவன் அவன். நம் கதையும் அப்படியே. மூதாட்டியாரைக் கடிந்த வேளையில் நம்மால் நாவை அடக்கக்கூடவில்லை. ஏனெனில் அதற்குப் பல நாட்களுக்கு முன்னரே ரூ.7,000 என்னும் எண்ணைக் காலையும் மாலையும் தியானித்து, வாராத பணத்தைக் கொண்டு கட்டாத வீட்டுக்குத் திட்டமும் போட்டுவைத்திருந்தோம். வண்டி அப்போதே இறங்கத் தொடங்கிவிட்டது.

ஆனால் கியர் மாற்றுதலும் மனித முயற்சியே அன்றோ, கிருபைக்கு இடமெங்கே என்று சிலர் கேட்கலாம். பவுல் இதனைக் கனி என்றாரேயன்றிக் கிரியை என்னவில்லை என்பது உண்மை. கனியை ஒருவரும் செய்யமுடியாது; விளையவே வேண்டும். எனினும் ஏலத்தோட்டத்தார் ஒருவரும், விளைவிப்பவர் கடவுள் என்று சொல்லிக் கைகட்டி உட்கார்ந்திருப்பதில்லை. பலாவும் அகிலும் போன்ற மரங்களின் நிழலிலன்றி அச்செடி பிழையாது. வெயில் நேரே விழுந்தாற் கருகும். நிழல் மிகுந்தாலோ பூ குறையும். ஆதலால் மழைக்கு முன் கிளை கழித்து நிழலை அளவுபடுத்துவர். பறித்த காயையும் ஸ்டோரில் ஏறக்குறைய 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் ஒரு பகலும் ஓரிரவும் மெல்ல உலர்த்துவர்; அவசரப்பட்டு அனலைக் கூட்டினால் தோல் வெடித்து நிறம் கெடும். விளைவு அவருடையது, நிழலும் பொறுமையும் நம்முடையவை. ஜெபம், வேதவாசிப்பு, நல்லோர் சகவாசம், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழக்கம் என்பவை நிழல் போல்வன. இவற்றை நீக்கிவிட்டு நடுவெயிலில் நின்று கனியை எதிர்பார்ப்பது விசுவாசமன்று.

நிழல் மிகுந்தாற் பூ குறையும் என்றோம். அதனையும் மறக்கலாகாது. உணவையும் உடையையும் சிரிப்பையும் பாட்டையும் பாவமென்று ஒதுக்கி, முகத்தைக் கடுமையாக்கி வைத்திருப்பதையே பரிசுத்தமென்று கருதுவோர் ஒருசாரார் உண்டு. அவர்கள் இச்சையை வென்றவரல்லர். ஓரிச்சையைக் கொன்று, பிறரைத் தீர்ப்பிடும் மற்றோர் இச்சைக்கு உரமிட்டவர்கள். நம் ஆண்டவர் கானாவூர்க் கலியாணத்துக்குச் சென்றவர், பந்திகளில் அமர்ந்தவர். வனாந்தரத்திலே நாற்பது நாள் உபவாசித்தவரும் அவரே. இவ்விரண்டிலும் தம்மைத் தாமே ஆண்டார் என்பதே நாம் கற்கவேண்டியது.

இப்பத்திரிகையை வாசிக்கும் மாணவர்காள், உங்களுக்கு ஏலத்தோட்டம் இல்லாதிருக்கலாம். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஏலக்கூடம் இருக்கிறது. உங்கள் கவனத்தை நொடிக்கு நொடி விலைகூறி வாங்குகிற கைப்பேசியே அது. நள்ளிரவில் அதனை அணைத்துவைக்கும் மனத்திடம் எவருக்கும் வருவது அரிது. இராச் சாப்பாட்டுக்குப் பின் அதனைப் படிக்கும் மேசையில் வைத்துவிட்டுப் படுக்கைக்குச் செல்வது எளிது. உச்சியில் மாற்றும் கியர் அது. கோபத்தில் எழுதிய செய்தியை விடியும்வரை அனுப்பாமல் வைப்பதும், கடன்வாங்குமுன் அடக்கவிலை கேட்பதும் அத்தகையனவே. ஆசிரியராகிய நமக்கு இன்னும் கண்டிப்பான கடமை உண்டு. நம் கையிற் சிவப்பு மை இருக்கிறது; வருகைப் பதிவேடு இருக்கிறது; வகுப்பின் முன்னிலையில் ஒருவனை நாணச்செய்யும் நாவும் இருக்கிறது. மாணவன் மறுமொழி சொல்லான். அந்த அம்மாளும் சொல்லவில்லை.

பழைய மாணவர் பலர் இன்று தோட்டமுடையவராகவும், வியாபாரிகளாகவும், உத்தியோகஸ்தராகவும் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. கூலியாள் குடியாதிருக்கவேண்டுமென்று விரும்புவது நல்லது. அதனுடன், பத்துப்பேர் ஏறத்தக்க ஜீப்பில் இருபதுபேரை ஏற்றாதிருப்பதும், மருந்து தெளித்தபின் உரிய நாள் கழியாமல் காய் எடுக்கச் சொல்லாதிருப்பதும், தராசு சரியாயிருப்பதும், விலை ஏறினபோது கூலியையும் நினைப்பதும், விலை இறங்கினபோது கூலியை மட்டும் நினையாதிருப்பதும் இச்சையடக்கமே என்று கொள்ளவேண்டும். ஏலத்தின் விலையோ நம் கையிலில்லை. கடல்கடந்த குவாத்தமாலா நாட்டின் விளைச்சலும் அதனை ஏற்றி இறக்குகிறது. நம் கையிலிருப்பது நாம் ஒருவரே. வலியவருடைய இச்சையடக்கமே எளியவருக்குப் பாதுகாப்பு. நீதிமொழிகளின் ஞானி, தன்னை அடக்காத மனிதனை மதிலிடிந்த பட்டணத்துக்கு ஒப்பிட்டார். மதிலிடிந்தால் முதலிற் கெடுவது அரமனையன்று, மதிலோரத்துக் குடிசைகளே.

அடுத்த ஆண்டு எடுப்புக் காலத்தில் நாம் மலைக்குச் சென்றபோது அந்த அம்மாள் அங்கில்லை. வேறொரு தோட்டத்துக்குப் போய்விட்டதாகக் கங்காணியார் சொன்னார். நாம் செய்தது தவறென்றும், அதனை அவரிடம் தெரிவிக்கவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டோம். "சொல்லுகிறேன், ஐயா. அவர் அதை அன்றே மறந்திருப்பார்" என்றார் அவர். மறந்திருக்கலாம். அன்றாடம் அதனினும் கடுமையான சொற்களைக் கேட்பவர்க்கு ஒரு சொல் பெரிதாயிராது. அதுவே நம்மை அதிகமாக நாணச்செய்தது. அந்தச் சுற்றில் எதனை எடுக்கலாம் என்று கங்காணியாரிடமே கேட்டோம். பத்து நாள் பொறுக்கச் சொன்னார், பொறுத்தோம். விலை அதற்குள் சிறிது இறங்கிற்று. காய் நன்றாயிருந்தது.

அந்தப் பத்து நாளும் நமக்கு எளிதாயிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். இச்சை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அதனைத் தனியே எதிர்த்து நிற்கவேண்டியதில்லை என்றும், அறிந்தவருடைய சொல்லுக்குச் செவிகொடுப்பதும், நமக்குக் கீழ்ப்பட்டவரிடம் கேட்டுக்கொள்ள வெட்கப்படாதிருப்பதும், கர்த்தர் நம்மை ஆளும்படி அன்றாடம் விட்டுக்கொடுப்பதுமே அதற்கு வழியென்றும் சிறிது கற்றிருக்கிறோம். நம் கலாசாலையிற் பயிலும் வாலிபர் ஒவ்வொருவரும் பிறரை ஆளும் பதவியை அடையுமுன்னரே இப்பாடத்தைக் கற்றுத்தேறுவாராக.